காலி சீட்டுக்காக இறங்கும் கோடு, பிள்ளைக்காக இறங்காதா?

ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் வந்த கையோடு ஒரு கேள்வி ஊரெல்லாம் சுற்ற ஆரம்பிக்கும். "மார்க் இல்லாதவனையெல்லாம் உள்ளே விட்டா தரம் என்னத்துக்கு ஆகும்?" டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர்களே கேட்கிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை. கேட்கிறவர்களுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்கும் தொழிற்படிப்புக்கும் மதிப்பெண் வரம்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரம் பேர் நிற்கிற வரிசையில் நூறு இடம்தான் இருக்கிறது என்றால் எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். என் கேள்வி வேறு. அந்தக் கோடு யாருக்காக இறங்குகிறது, யாருக்காக இறங்க மறுக்கிறது?

கோடு இறங்கவே இறங்காது என்று நினைப்பவர்களுக்குச் சில செய்திகள்.

2022ஆம் வருஷ நீட் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுப் பிரிவுக்குத் தகுதி 50 பெர்சன்டைல். இந்தப் பெர்சன்டைல் என்கிற சொல்லில்தான் பாதிப் பேர் ஏமாந்து போகிறார்கள். நூற்றுக்கு ஐம்பது மார்க் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது மார்க் இல்லை, வரிசையில் நிற்கிற இடம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒரு கணக்குப் பரீட்சை வைக்கிறேன். எல்லோரும் மோசமாக எழுதிவிட்டார்கள். மார்க்கை இறங்குவரிசையில் அடுக்கி, நடுவில் நிற்கிற பிள்ளையைக் காட்டி, "இவனும் இவனுக்கு மேலே உள்ளவர்களும் பாஸ்" என்று சொன்னால் அதுதான் 50 பெர்சன்டைல். நடுவில் நிற்பவன் நூற்றுக்குப் பதினாறு வாங்கியிருந்தாலும் பாஸ்தான்.

பதினாறு என்று சும்மா சொல்லவில்லை. அந்த வருஷம் பொதுப் பிரிவின் தகுதி மதிப்பெண் 720க்கு 117. வகுத்துப் பாருங்கள், நூற்றுக்கு 16 சொச்சம் வரும். ஒரு கேள்விக்கு 4 மார்க், தப்புக்கு ஒன்று கழிப்பார்கள். 30 கேள்விக்குச் சரியாகவும் 3 கேள்விக்குத் தப்பாகவும் எழுதி, மீதியைத் தொடாமல் விட்டால் 117. விடை எழுத வேண்டிய கேள்விகள் 180. எங்கள் பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால்தான் பாஸ். 34 எடுத்த பிள்ளையை ஃபெயில் என்று எழுதிய சமூகம் இது.

சுமார் 17 லட்சத்து 64 ஆயிரம் பேர் எழுதிய அந்தத் தேர்வில் 9 லட்சத்து 93 ஆயிரம் பேர் தகுதி பெற்றார்கள். அப்போது நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. பத்துப் பேருக்குத் தகுதி, ஒருவருக்கு இடம். மேலே உள்ள மார்க்குக்காரர்கள் அரசுக் கல்லூரிகளுக்குப் போய்விடுவார்கள். அதற்குக் கீழே, கூடிய மார்க் வாங்கியும் தனியார் கல்லூரிக் கட்டணத்தைக் கேட்டதும் எழுந்து போகிறவர்கள் போக, குறைந்த மார்க்கோடு வந்து உட்காருகிறவர் யார்? லட்சம் லட்சமாகக் கட்ட முடிந்தவர். அவருக்காகத்தான் கோடு அவ்வளவு கீழே இருக்கிறது. ஆளைக் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளையும் படித்துத்தான் பாஸாக வேண்டும். ஆனால் அங்கே "தரம்" பேசிய ஒரு குரலையும் நான் கேட்டதில்லை.

பல் மருத்துவத்தில் 2020-21 கல்வியாண்டில் ஏழாயிரத்துக்கும் மேலான பி.டி.எஸ். இடங்கள் காலியாகக் கிடந்தன. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2021 பிப்ரவரியில், தகுதி பெர்சன்டைலைப் பத்துக் குறைத்துச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. 2023 செப்டம்பரில் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தகுதியை ஒன்றிய அரசு பூஜ்ஜியம் பெர்சன்டைல் ஆக்கியது. பூஜ்ஜியம் என்றால், தேர்வு எழுதிய அத்தனை பேரும் தகுதி, மைனஸ் மார்க் வாங்கியவர் உட்பட. காரணம் அதேதான், இடங்கள் காலி. அவர்கள் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர்கள், இடத்தை வீணாக்குவதை விட நிரப்புவது மேல் என்றார்கள். நியாயமான வாதம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை ஒப்புக்கொண்ட பிறகு, கோடு என்பது கல்லில் செதுக்கியது என்று என்னிடம் யாரும் சொல்லக் கூடாது.

பொறியியல் கதையும் இதுதான். நம் மாநிலக் கலந்தாய்வில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் என்று இருந்த குறைந்தபட்ச மார்க் இப்போது 45. மற்றப் பிரிவுகளுக்கு 40. எதற்காக இறக்கினார்கள்? கிராமத்துப் பிள்ளைகள் பாவம் என்றா? வருஷா வருஷம் தனியார் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கில் பெஞ்சுகள் காலியாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

சரி, இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

அரியலூர் மாவட்டத்து அனிதாவை எல்லோருக்கும் தெரியும். 1200க்கு 1176 எடுத்த பிள்ளை, 2017இல் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காமல் போய் நம்மை விட்டே போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்காக ஊரே அழுதது. நான் பேச வந்தது 1176 எடுத்த பிள்ளையைப் பற்றி அல்ல. பத்தாம் வகுப்பில் 500க்கு 283 எடுத்த பிள்ளையைப் பற்றி. அவளுக்காக யாரும் அழுவதில்லை, தலைப்புச் செய்தியும் வராது. அவளுக்கான கதவு கலந்தாய்விலோ நீட்டிலோ அடைபடவில்லை. பதினைந்து வயதில், ஜூன் மாதத்தில், ப்ளஸ் ஒன் அட்மிஷன் மேஜையில் அடைபட்டுவிட்டது.

283 என்பது நான் சும்மா போட்ட எண் இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை என்னிடம் படித்த ஒரு பெண்ணின் மார்க். தமிழ் 71, ஆங்கிலம் 48, கணக்கு 46, அறிவியல் 58, சமூக அறிவியல் 60. அப்பா செங்கல் சூளை வேலை. வீட்டில் முதன்முதலாகப் பத்தாவது தாண்டியவள் அவள்தான். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. பி.எஸ்சி. நர்சிங் படிக்க ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். அந்தப் பள்ளியில், பெயர் வேண்டாம், சயின்ஸ் குரூப்புக்கு 350 என்று வைத்திருந்தார்கள். அப்பா என்னைத் தேடி வந்தார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர், நாங்க சொன்னா யாரு கேக்கறாங்க" என்றார். போனேன்.

தலைமையாசிரியர் மரியாதையானவர்தான். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். "டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? இந்தப் பொண்ணு ஃபிசிக்ஸ்ல தட்டினா எனக்கு ரிசல்ட் போயிடும். சென்டம் இல்லைன்னா மீட்டிங்ல எழுந்து நிக்க வச்சுக் கேப்பாங்க. காமர்ஸ்ல போடறேன், நல்லா பாஸ் பண்ணிடுவா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி என்ற பேனருக்குப் பின்னால் இருக்கிற பயத்தை நானும் பார்த்தவள்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது யார்? அவர் கொடுக்கவில்லை. மீட்டிங்கில் கேள்வி கேட்டவரும் கொடுக்கவில்லை.

அந்தப் பெண் காமர்ஸ் படித்தாள், பி.காம். முடித்தாள், ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், பார்த்தால் ஓடி வந்து பேசுவாள். காமர்ஸ் மட்டமான படிப்பு என்று யாரும் என் வாயில் வார்த்தை போடாதீர்கள். விரும்பிப் போவது வேறு, தள்ளிவிடுவது வேறு.

அந்த மேஜையில் அடைபட்டது நர்சிங் மட்டுமில்லை. மருத்துவம், பல் மருத்துவம், பொறியியல், பார்மசி, வேளாண்மை, கால்நடை மருத்துவம் எல்லாவற்றின் கதவும் ஒரே கையெழுத்தில் சாத்தப்பட்டது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. மறு வருஷம் பொறியியலுக்கும் வந்தது. நல்ல சட்டம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்த வாசலுக்குப் போகிற பாதை பயாலஜி குரூப் வழியாகத்தான் போகிறது. வாசலை அகலமாகத் திறந்து வைத்துவிட்டுப் பாதையில் முள்வேலி போட்டால் யார் வந்து சேருவார்?

சான்றிதழில் அரசாங்கமே அச்சடித்துத் தருகிறது, 35 எடுத்தால் தேர்ச்சி, மேற்படிப்புக்குப் போகலாம் என்று. இடத்தை விட விண்ணப்பம் அதிகமாக இருந்தால் மார்க் வரிசைப்படி, இடஒதுக்கீட்டுப்படி எடுப்பது சரி. நான் சொல்வது அதுவல்ல. நாற்பது பிள்ளை உட்காரக்கூடிய அறையில் இருபத்தாறு பேர்தான் இருக்கிறார்கள், பதினான்கு இடம் காலி, அப்படியும் 350க்குக் கீழே வேண்டாம் என்கிறார்களே, அது. பல் மருத்துவக் கல்லூரியில் சீட் காலியானால் கோட்டை இறக்குகிறது நாடு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சீட் காலியானால் கோட்டை ஏற்றிப் பிடிக்கிறோம்.

"கணக்கில் 46 எடுத்த பிள்ளைக்கு இயற்பியல் வருமா டீச்சர்?" என்று நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு பிள்ளையின் கதை. அதே ஊர், அதே தெரு, இரண்டு வருஷம் மூத்தவன், கணக்கில் 41. அவனுக்கும் சயின்ஸ் குரூப் இல்லை என்றுதான் அனுப்பினார்கள். கோபத்தில் பாலிடெக்னிக்கில் போய்ச் சேர்ந்தான். பாலிடெக்னிக்குக்குப் பத்தாவது தேர்ச்சி போதும். அங்கே முதல் வருஷமே கணக்கு, இயற்பியல், வேதியியல் எல்லாம் உண்டு. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்தான், பிறகு எழுதி முடித்தான். மூன்று வருஷம் டிப்ளமோ, அப்புறம் நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தான். அரசாங்கமே இதற்குத் தனிக் கலந்தாய்வு நடத்துகிறது. இன்றைக்கு அவன் இன்ஜினியர்.

யோசித்துப் பாருங்கள். "ப்ளஸ் ஒன் இயற்பியல் உன்னால் முடியாது" என்று ஒரு வாசலில் திருப்பி அனுப்பிய பிள்ளையை, பக்கத்து வாசலில் அதே இயற்பியலைச் சொல்லிக் கொடுத்து இன்ஜினியர் ஆக்கி அனுப்புகிறது அதே அரசாங்கம். அப்படியானால் அந்த 350 எதை அளந்தது? பிள்ளையின் மூளையை அளக்கவில்லை. பள்ளியின் ரிசல்ட் கவலையை அளந்தது. இன்ஜினியர் ஆவதற்காவது இப்படி ஒரு பக்கவாசல் இருக்கிறது. உயிரியல் பக்கம் போக ஆசைப்படுகிற பிள்ளைக்கு அதுவும் இல்லை. அதில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த மார்க் எங்கே விளைகிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் படிப்பு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். கல்லூரிப் பேராசிரியர்கள் மாதிரி பெரிய வார்த்தையில் பேச வராது. ஆனால் மார்க்கை நாற்றங்காலிலேயே பார்த்தவள். ஈராசிரியர் பள்ளியில் வேலை செய்திருக்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அதில் ஒருவர் தலைமையாசிரியர், பாதி நாள் ரெஜிஸ்டரும் கூட்டமும் தான். ஒரு பக்கம் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்கும்போது இன்னொரு பக்கம் முதல் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் கிறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாற்று நடவு வந்தால் அக்கா வர மாட்டாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதே வயதில் டவுனில் ஒரு பிள்ளைக்கு ஒரு வகுப்பு, ஒரு டீச்சர், சாயங்காலம் ட்யூஷன். பத்தாவதில் ஒன்று 283, இன்னொன்று 440. இந்த 157 மார்க் வித்தியாசத்தில் அறிவு எவ்வளவு, வசதி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எந்தத் தராசு இருக்கிறது? ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தையும், ப்ளஸ் ஒன்னிலேயே ப்ளஸ் டூ பாடத்தையும் நடத்திய தனியார் பள்ளிகளின் கதை வேறு இருக்கிறது. அதற்கு ஒரு தனிப் பதிவு வேண்டும்.

இப்போது எல்லோரும் கடைசியாக வீசுகிற கேள்விக்கு வருகிறேன். "மார்க் குறைஞ்ச டாக்டர்கிட்ட நீங்க ஊசி போட்டுக்குவீங்களா?"

போட்டுக்கொள்வேன். போட்டுக்கொண்டும் இருக்கிறேன், நீங்களும்தான். எந்த டாக்டரின் ப்ளஸ் டூ மார்க்கை விசாரித்துவிட்டு நீங்கள் டோக்கன் வாங்கினீர்கள்? உள்ளே போகிற மார்க் எதுவானாலும் வெளியே வர எல்லோரும் ஒரே பல்கலைக்கழகத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். இடஒதுக்கீட்டில் வந்தவருக்குத் தனி வினாத்தாள் கிடையாது, மேனேஜ்மென்ட் கோட்டாவில் வந்தவருக்கும் கிடையாது. தமிழ்நாட்டில் தொழிற்படிப்புக்கு மாநில நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் அதில் அடிபட்டுப் போகிறார்கள் என்று 2007இல் அது போயிற்று. அதிலிருந்து 2016 வரை மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு ப்ளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து, 69 சதவீத இடஒதுக்கீட்டோடுதான் டாக்டர்களைத் தேர்ந்தெடுத்தோம். அப்படி வந்த இளம் டாக்டர்கள் கொரோனா சமயத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் நின்றார்கள். அப்போது நாம் என்ன செய்தோம், தரத்தைப் பேசினோமா? கை தட்டினோம்.

சரி, பலவீனமான பிள்ளையைச் சயின்ஸ் குரூப்பில் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடலாமா என்றால், கூடாது. அது இன்னொரு விதமான கொடுமை. ப்ளஸ் ஒன் தொடங்கியதும் முதல் ஆறு வாரம் புதுப் பாடத்தைத் தொடாமல் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புக் கணக்கையும் அறிவியலையும் திரும்பச் சொல்லிக் கொடுக்கட்டும். பின்னம், சமன்பாடு, வரைபடம், அலகுகள், வேதிக் குறியீடுகள், இவ்வளவுதான் அடிப்படை. 283 எடுத்த பிள்ளைக்கு விட்டுப்போனது இவைதான், நான் பார்த்தவரை. அதற்கு முதுகலை ஆசிரியர் இடங்களைக் காலியாக வைக்காமல் நிரப்ப வேண்டும், ஜூன் மாதமே நிரப்ப வேண்டும். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு இயற்பியலுக்கு ஆள் போட்டுவிட்டு பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது.

அதை விட முக்கியம், தேர்ச்சி சதவீதத்தை வைத்துத் தலைமையாசிரியரை நிற்க வைக்கிற பழக்கத்தை நிறுத்துவது. எத்தனை பேர் பாஸ் என்று மட்டும் கேட்காமல், பத்தாவதில் முந்நூறுக்குக் கீழே எடுத்த எத்தனை பேரை விரும்பிய குரூப்பில் சேர்த்தீர்கள், அவர்களில் எத்தனை பேரைக் கரை சேர்த்தீர்கள் என்று கேட்கட்டும். ஒரே வருஷத்தில் அட்மிஷன் மேஜையின் பேச்சு மாறிவிடும். 440 எடுத்த பிள்ளையை 550க்குக் கொண்டுபோவதற்குப் பேனர் கட்டுகிறார்களே, அவன் எங்கே போனாலும் எடுத்திருப்பான்.

ரிசல்ட் வந்து ப்ளஸ் ஒன் சேர்க்கை நடக்கிற நேரம் இது. பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். முக்கியமாகப் படிப்பு வாசனை இல்லாத வீட்டுப் பெற்றோருக்கு, இதைப் படிக்கிறவர்கள் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைக்கு என்ன குரூப் பிடிக்கும் என்று முதலில் பிள்ளையைக் கேளுங்கள். பள்ளிக்குப் போகும்போது வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இன்ன குரூப் வேண்டும் என்று விண்ணப்பமாக எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை என்று சொன்னால், இடம் நிரம்பிவிட்டதா, மார்க் போதாதா, எந்த விதிப்படி என்று ஒரே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். எழுதித் தரச் சொன்னதும் பாதி இடங்களில் "சரி, நாளைக்கு வாங்க, பார்க்கலாம்" என்பார்கள். நாளைக்குப் போங்கள், மறுநாளும் போங்கள். எங்கள் ஒன்றியத்தில் யாருக்காவது விண்ணப்பம் எழுதத் தெரியவில்லை என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன். கூட வரவேண்டும் என்றாலும் வருகிறேன், காலை பத்து மணிக்கு மேல் எனக்கு வேறு வேலை இல்லை.